மொத்த விலை

கோயம்புத்தூரில் கிடங்கு மாதிரி ஒரு கடை.
அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவானாம்,
அட்டைக்கு வருஷம் தொள்ளாயிரம்.
தேயிலை ஏற்றிப் போகும் லாரிக்காரர்
கொண்டுவந்து தந்த விண்ணப்பத்தை
டெய்சிராணி இரண்டு இரவு படித்தாள்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும்.

மூன்றாம் இரவு
மின்கட்டண ரசீதின் முதுகில் கணக்கு.
துவரம்பருப்பு மாதம் மூன்று கிலோ,
கிலோவுக்குப் பதினாலு மிச்சம்: நாற்பத்திரண்டு.
எண்ணெய் இரண்டு லிட்டர்: இருபத்திரண்டு.
சோப்பு, சீயக்காய், பல்பொடி
முப்பது என்று வை.
மாதம் தொண்ணூற்று நாலு,
வருஷம் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு.
அட்டைக்காசு கழித்து
இருநூற்று இருபத்தெட்டு நம்ம கையில் என்றாள்,
கையை விரித்தே காட்டினாள்.

அரவேணுவிலிருந்து பஸ் யார் காசு?
மேட்டுப்பாளையத்தில் மாறி, போக வர
ஆளுக்கு நூற்று முப்பது.
மூட்டை தூக்க இரண்டு ஆள்.
ஒரே ஒரு தடவை போனாலே
முப்பத்திரண்டு ரூபாய் கைநட்டம்.
கொண்டை ஊசி வளைவுக்கு அவள் முகர்ந்துகொள்ளும்
எலுமிச்சம்பழத்தை நான் சேர்க்கவில்லை.
அவளே சேர்த்தாள்: ஐந்து.

லாரியிலேயே ஏற்றிவிடலாம், சும்மா வரும் லாரிதானே என்றாள்.
சரி, வந்து சேர்ந்தது என்றே வை.
எங்கே வைப்பது?
ஆடிச் சாரலில் ஒரு கிலோ உப்பே
ஜாடியில் பாதி, சுவரில் பாதி.
பத்து கிலோ பருப்பு மலிவாய் வாங்கி
மூன்று கிலோவைப் பூஞ்சைக்கு ஊட்டவா?
எண்ணெய் டின் என்றால் இன்னும் மோசம்.
போன மார்கழியில் சத்துணவுக்கூடத்துக் கதவைப் பெயர்த்து
டின்னை நக்கிவிட்டுப் போன கரடி
யாரிடமும் அட்டை காட்டவில்லை.
லிட்டர் பாக்கெட் வாங்கும் வீடுகளை
இதுவரை அது மதித்ததில்லை.
அப்படியே இருக்கட்டும்.

கீழ்வீட்டு யோகமலர், எதிர்வீட்டு பெள்ளியம்மா,
மூன்று வீட்டுக்கு ஒரே அட்டை என்றும் பேசிப் பார்த்தார்கள்.
அட்டையில் யார் முகம் என்ற இடத்தில்
பேச்சு நின்றது.

சையது கடையில் கிலோவுக்குப் பதினாலு கூடுதல்தான்.
சம்பளம் பன்னிரண்டாம் தேதி வந்த மாதங்களில்
அவர் பத்தாம் தேதி கேட்டதில்லை.
அதை எத்தனை ரூபாய் என்று போட?
டெய்சி பேனா மூடியைக் கடித்தாள்.
எதுவும் எழுதாமல் கீழே கோடு இழுத்தாள்.

விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்:
பருப்புக்காக இல்லீங்க,
அங்கே பாதையெல்லாம் ரொம்ப அகலமாம்,
வண்டியைத் தள்ளிக்கிட்டே
எதையும் எடுக்காம
ஒரு சுத்து வரலாம்னு.

நான் பதில் தேடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

காலையில் கடைசிச் செலவு வெளியே வந்தது.
விண்ணப்பத்தில் ஒட்ட
கோத்தகிரி ஸ்டுடியோவில் படம் எடுத்திருக்கிறாள்,
எண்பது ரூபாய்.
இரண்டு போதும் என்றாளாம்.
இரண்டானாலும் எட்டானாலும் அதே விலை,
எட்டாய் வாங்கினால் லாபம் என்றானாம் அவன்.

எட்டு டெய்சிராணி,
எட்டிலும் கல்யாண நாளில்கூடப் பார்க்காத
நேர் வகிடு.
ஒன்று என் பர்ஸில்.
மிச்சம் ஏழு
ஈரம் படாமல்
பருப்பு டப்பாவில்.