அளவுநூல்

வோர்ம்ஸ் நகரின் வடக்கு மதிலை அளக்க வந்தோம்,
நானும் எஃபீமும்.
மாநகராட்சிக்கு வேண்டியது ஒரு வரைபடம்:
எத்தனை மீட்டர், எவ்வளவு சாய்வு,
எந்தக் கல் அடுத்த பனிக்காலத்தில் விழும்.

முக்காலியை நிறுத்தி
மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
யூதர் தெருவின் வீடுகள்
மதிலோடு முதுகு ஒட்டி நிற்கின்றன.
வெளியிலிருந்து வருபவனைத் தடுக்க அது போதும் என்று
நம்பியவர்கள் கட்டியவை.
வந்தவர்கள் உள்ளிருந்தே வந்தார்கள்.

ஒடேசாவில் பிறந்த எஃபீம்
ரொட்டியை மென்றபடி சொன்னான்:
"எங்கள் தீர்க்கதரிசி ஒருவர் கண்ட காட்சியில்
ஒரு வாலிபன் அளவுநூலோடு போகிறான்,
இடிந்துகிடந்த எருசலேமின் அகலத்தைக் குறிக்க.
பின்னாலேயே ஒரு தூதன் ஓட்டமாய் ஓடிவருகிறான்.
நிறுத்தச் சொல்லுங்கள் அவனை!
அந்த ஊருக்கு மதிலே கிடையாது,
ஆளும் மாடும் அவ்வளவு பெருகப்போகிறது,
சுற்றிலும் நெருப்பாய்க் கர்த்தரே நிற்பாராம்.
பாவம் அந்தப் பையன்.
அன்றைய கூலி கொடுத்தார்களா என்று எழுதவில்லை."

எனக்கும் தெரியும்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அக்கினி மதில்.
அதைச் சொல்லித்தான் அம்மா கதவைச் சாத்துவாள்,
தாழ்ப்பாள் உடைந்த கதவை.
பங்கருக்குள் மண் உதிர்ந்தபோதும் சொன்னாள்.
ஒருநாள் நெருப்பு வந்தது,
மதிலாய் அல்ல.
தம்பி ஜெறோம் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தான்.

இங்கும் வந்தது, முப்பத்தெட்டின் நவம்பரில்,
ஜெப ஆலயத்தின் கூரைக்கு.
பிறகு மிச்சத்தையும் இடித்தார்கள்.
பிறகு, அறுபத்தொன்றில்,
இடிபாட்டில் கிடந்த கற்களையே பொறுக்கிக் கட்டினார்கள்.
நேற்று அதன் உட்சுவரை அளந்தேன்.
பழைய கல், புதிய கல், மறுபடி பழைய கல்.
பொய் சொல்லத் தெரியாதது சாந்து மட்டும்.
பிழை நான்கு மில்லிமீட்டர்.
தொழுகைக்குப் பத்துப் பேர் சேர
மைன்ஸிலிருந்து கார் பிடித்து வருகிறார்கள்.

வெட்டுக்கிளி தின்ற வருடங்களைத்
திருப்பித் தருவதாகவும் ஒரு வாக்கு உண்டு.
ஜெறோமுக்கு இப்போது நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றுக்கு உரிய தொப்பையும் வீட்டுக்கடனும்
மூக்குக்கண்ணாடியும்
எந்தக் களஞ்சியத்தில் அளந்து வைத்திருக்கிறது?
எஃபீமைக் கேட்டேன்.
மடியில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு
"ரசீது தரவில்லையே" என்றான்.
கண்ணாடிக் கோலைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தான்.

கருவியின் கண்ணில் கண் வைக்கிறேன்.
குறுக்குக் கோடுகள் வெட்டும் புள்ளியில் அவன் முகம்.
என் முகமும் ஒருகாலம்
யாரோ ஒருவனின் கோடுகளுக்கு நடுவில் இருந்தது,
வீதித் தடையில், கைகள் தலைமேல்.
அவன் ஏன் சுடவில்லை?
அம்மாவிடம் விடை உண்டு.
அந்த விடையில் ஜெறோமுக்கு இடமில்லை.

அதே தூதன் அதே காட்சியில் இன்னொன்றும் சொன்னான்,
எஃபீம் சொல்லாமல் விட்டது.
இவர்கள்மேல் கை வைப்பது
அவருடைய கண்மணியில் விரல் வைப்பதுபோல.
கண்மணி.
உடம்பிலேயே மதில் இல்லாத இடம்.
ஒரு தூசு போதும்.
அப்படியானால் காவல் என்பது
அவருக்கும் வலிக்கும் என்பது மட்டும்தானா?

தெருக்கோடியில் எஃபீம் கையை விரிக்கிறான்:
என்ன, அளந்தாயா இல்லையா?
கோடுகள் கலங்குகின்றன.
"கோலை நேராகப் பிடி" என்று கத்துகிறேன்.
அவன் நேராகத்தான் பிடித்திருக்கிறான்.