பதினோரு பாகை

கடைப்பலகையில் மலாய் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்,
மாவட்ட மன்றத்தின் விதி.
அடுத்து சீனம், பிறகு தொலைபேசி எண்,
ஓரத்தில் குளிர்பானக் கம்பெனியின் சின்னம்.
மிச்சம் விழும் துண்டு
ஒரு முழம் நீளம், ஒரு சாண் உயரம்.
அதற்குள் ஏற வேண்டும்
'ஸ்ரீ தண்டாயுதபாணி உணவகமும் பலகாரக் கடையும்.'

இடம் போதாமல்தான் ஆரம்பித்தேன்.
அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

சிலிம் ரிவரில் என் அச்சுக்கடை
டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
பக்கவாட்டில் நுழைந்தது போல நிற்கும்.
ஊர்ப் பெயரிலேயே ஒல்லி இருக்கிறதே
என்பான் புவனேந்திரன், பதாகைச் சுருளை மாற்றியபடி.

இரவு ஒன்பதுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எழுத்துகளை ஒடுக்குவேன்.
ப, ட, ய மூன்றும் சாதுக்கள், சொன்னால் கேட்கும்.
ழ தன் வாலை நீட்டி
'வாழைப்பழம்' கீழே இருந்த விலையை உதைத்தது.
ஒரு வாரம் அந்த வாலை மடக்கினேன்.
ஔ யாருக்கு வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்,
மூன்றாம் நாளே வந்து நின்றார்
நாகம்மா ஔஷதாலயத்தின் முதலாளி.

ண தான் பெரிய வழக்கு.
மூன்று சுழி. தடிப்பை ஏற்ற ஏற்ற
உள்ளிருக்கும் வெள்ளைக்கு மூச்சு முட்டியது.
கறுப்பை அள்ளிப் பூசினால் தடித்த எழுத்து என்றிருந்தேன்,
உள்ளே எத்தனை வெள்ளை பிழைக்கிறது என்பதே கணக்கு
என்று விடிகாலை மூன்று மணிக்குப் புரிந்தபோது
பக்கத்தில் கொசுவர்த்தி மட்டும் விழித்திருந்தது.

பிறகு சாய்த்தேன்.
கணினியிடம் விட்டால்
குடித்தவனைத் தள்ளுவது போலத் தள்ளும்,
சுழியெல்லாம் நசுங்கிய முட்டை.
ஒவ்வோர் எழுத்தாக நிமிர்த்தி மறுபடி சாய்த்தேன்.
பத்துப் பாகையில் தயக்கம் தெரிந்தது.
பன்னிரண்டில் விழப் பார்த்தது.
பதினொன்று.

புள்ளி கடைசியில் படுத்தியது.
கூடவே சாய்ந்து நகர்ந்து
பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார,
இளைஞர் மன்றம் 'மனற்ம்' ஆகிவிட்டது.
துணியை மாற்றி அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

முதலில் ஒரு லோரி.
செம்பனைக் குலை ஏற்றும் பழைய லோரி,
முன்கண்ணாடிக்கு மேலே:
'வேகம் எனக்கு, பொறுமை உனக்கு.'
வாசகம் குணாளனுடையது.
கதவிலும் தன் பெயரைப் போடச் சொன்னான், அதே எழுத்தில்.
ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதும்
அந்த லோரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் கால்பந்துச் சட்டை,
டுரியான் விலை, தண்ணீர்ப் பந்தல், கணக்கு டியூஷன்.
எல்லாருக்கும் அது வேண்டும்.
டவுனைச் சுற்றிவந்தால் எனக்கே காது வலிக்கும்.

போன செவ்வாய் சாருமதி வந்தாள்.
கையில் குணாளனின் அடையாள அட்டை,
வேறு நல்ல படம் இல்லையாம்.
'கண்ணீர் அஞ்சலி' என்று தட்டினேன்.
கை தானாக வேறோர் எழுத்துக்குப் போனது,
அகலமாக, இரண்டு காலும் ஊன்றி நிற்பது.
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"லோரில இருக்கே, அந்த எழுத்து போடுங்க."
அது சாய்ந்த எழுத்து,
விற்பதற்கும் விளையாட்டுக்கும் செய்தது,
சாவுச் சேதியில் ஓடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"அவரு பேரு பெரிசா இருந்தது அதுல மட்டுந்தான்."

அடித்தேன்.
குணாளன் த/பெ வீராசாமி.
பெயரின் நடுவே அந்த ண.
திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்,
வெள்ளை உள்ளே இருந்தது.
எவ்வளவு என்று கேட்டாள்.
பதினெட்டு ரிங்கிட் என்றேன், அது துணிக்கு மட்டும் உள்ள விலை.

மறுநாள் லயத்து முனையில் பார்த்தேன்.
அவசரத்தில் கட்டியிருக்கிறார்கள்.
இடப்பக்கக் கயிறு தளர்ந்து
பதாகை அந்தப் பக்கம் இறங்கிக் கிடந்தது.
எழுத்துகள் நேராக நின்றன.
வரிதான் மேடேறிக்கொண்டிருந்தது.