பயிற்சி நான்கு

யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால
பழைய புத்தகக் கடையில நூற்றியிருபது ரூபா.
வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி.
பிறப்பில் தொடங்காதீர்கள் என்கிறது முதல் பக்கம்.
சரி. தொடங்கேல்லை.

சங்கக்கடையில இருபத்தெட்டு வருஷம் கணக்கெழுதின கை.
நடுவில ஒரு கோடு இழுக்காமல்
எனக்கு ஒண்டும் ஓடாது.

வாழ்ந்த வீட்டை வரையுங்கள்.
எந்த வீட்டை?
கொக்குவிலில ஒண்டு, மீசாலையில மாட்டுக்கொட்டில்,
தர்மபுரத்தில தறப்பாள்,
திரும்பவும் கொக்குவில், கூரையில்லாமல்.
புத்தகம் விட்ட இடம் அரைப் பக்கம்.

மூன்றாவது, மணங்களைக் கேட்டது.
மண்ணெண்ணெய் எண்டு எழுதி
அதோட நிப்பாட்டிப்போட்டன்.

பயிற்சி நான்கு:
இதுவரை எவருக்கும் சொல்லாத ஒன்று.

தொண்ணூற்றைஞ்சு ஐப்பசி. மழை.
"பிள்ளையைத் தூக்கிறன், இதைப் பிடியுங்கோ" எண்டு
அரியமலர் தன்ர லுமாலா சைக்கிளைத் தந்தவ.
நாவற்குழிப் பாலத்தில சனம் எங்களைப் பிரிச்சுப்போட்டுது.
கொடிகாமத்தில வித்தன்.
ரெண்டு பேணி பால்மா, ஒரு கார்ட் பனடோல்.
அவவுக்குச் சொன்னது, பாலத்தில துலைஞ்சுபோச்செண்டு.
"சைக்கிள் கிடக்கட்டும், நீங்கள் தப்பினியள்" எண்டவ.

ஒன்பதாம் அத்தியாயம்:
உயிரோடிருப்பவர்களைப் பற்றி எழுதுமுன்
அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

அவ ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான்.
நேற்றும் முருங்கையிலை கொண்டந்தவ.
மேசையில கொப்பி விரிச்சபடி.
குனிஞ்சு பாத்தவ.
"என்ன, திரும்பவும் சங்கக்கடைக் கணக்கோ?"

நான் கொப்பியை மூடேல்லை.
கண்ணாடி இல்லாமல் அவவுக்கு
எழுத்துத் தெரியாது.
அது எனக்குத் தெரியும்.