அடிக்கோடு

மாட்டுத்தாவணியில் விடியுமுன் வாங்கிய உதிரி மல்லி
இருநூறு கிராம்.
தெற்குவாசல் பாலத்தடியில்
கிருதுமாலில் மொண்ட தண்ணீர்
அரை லிட்டர்.
இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு
நாகமலை போகும் பஸ்ஸில் ஏறினேன்.
பூவைப் பார்த்துக் கண்டக்டர்
"என்னம்மா, கல்யாணமா?" என்றார்.

மூன்று நாள் பிரித்தெடுத்ததில்
இரண்டு சின்னக் குப்பிகள் மிஞ்சின.

கண்ணாடிச் சில்லின் மேல்
கண்ணுக்குச் சிக்காத பொன்பூச்சு.
அதன் மேல்
மனித மூக்கில் இருக்கும் நானூறு சொச்சம் ஏற்பிகளில் ஒன்று,
மூக்கு இல்லாமல்,
முகம் சுளிக்கத் தெரியாமல்.
அடியிலிருந்து லேசர் பொன்னில் பட்டுத் திரும்பும்.
மேலே ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால்
ஒளி மங்குகிற கோணம்
மயிரிழை நகரும்.
இந்த மேசையில் மணம் என்பது அவ்வளவுதான்.

முதல் ஓட்டம் வீண்.
கரண்ட் ஒருமுறை கண் சிமிட்டியதில்
கோடு துள்ளிவிட்டது.
இண்டோல் பொடிசு வேறு,
வந்து உட்கார்ந்ததைக் காட்டவே கருவி திணறும்.

இரண்டாம் ஓட்டத்தில்
பூவிலிருந்து எடுத்த இண்டோலை விட்டேன்.
கோடு ஏறியது.
பிறகு சாக்கடையிலிருந்து எடுத்தது.
ஏறியது,
அதே சரிவில், அதே உயரத்துக்கு.

"ஒரே பொருள், ஒரே அளவு,
வேறெப்படி ஏறும்?" என்றாள் ஜெபக்கனி, டீயை ஊதியபடி.
"இதுக்குப் போய் ஒரு சில்லா?
விலை தெரியுமா உனக்கு?"

தெரியும்.
வார்டு வார்டாய்க் கால்வாய் தூர்வாரும்
பாண்டியம்மாள் மகளுக்கு
விலை தெரியாதா.

ஆறாம் வகுப்பில் அனுசுயா
பெஞ்சு ஓரத்துக்கு நகர்ந்தாள்.
மயிரிழை இல்லை,
ஒரு முழுச் சாண்.
அன்று நான் இரண்டு தரம் குளித்திருந்தேன்.
தலையில் அரை முழம் மல்லி.
அவள் மூக்கிலும்
இதே ஏற்பிதான் இருந்திருக்கும்.

அடுத்தது கழுவும் கட்டம்.
உப்புக் கரைசலை மூன்று நிமிஷம் ஓடவிட்டால்
ஏற்பி, பிடித்ததை விட்டுவிடும்.
கோடு மெல்ல இறங்கி
தொடங்கிய இடத்திலேயே வந்து படுத்துக்கொள்ளும்.
பூவா சாக்கடையா, ஞாபகமே இருக்காது.
அடிக்கோடு சரி,
என்று நோட்டில் எழுதினேன்.

வீட்டுக்குப் போகும்போது மணி எட்டரை.
பஸ் இறங்கிய இடத்தில் ஒரு முழம் வாங்கியிருந்தேன்.
குழாயடியில் அம்மா
முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
பூவை நீட்டினேன்.
"இரு, இன்னும் நாத்தம் போகல."

குனிந்து அவள் கையை முகர்ந்தேன்.
சோப்பு வாசம்தான்.
சொன்னேன்.

தலையாட்டிவிட்டு
மறுபடியும் குழாயைத் திறந்தாள்.