முறைப்பாடு எதுவுமில்லை

எண்பத்தொன்பது விடைத்தாள்கள்.
ஒலுவிலில் மத்தியானம் கரண்ட் நின்றதும்
யன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டு,
காற்றில் பறக்காதபடி
ஒரு கட்டின்மேல் ஸ்டேப்ளரும்
மற்றதன்மேல் ஆறிய தேத்தண்ணியும் வைத்துத்
திருத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கேள்வி நான் போட்டது.
ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில்
வரலாற்றாசிரியர் செய்யவேண்டியது யாது?
ஐந்து வருஷமாக அதே கேள்வி,
ஒரு வருஷம் 'யாது', மறு வருஷம் 'ஆராய்க'.

எழுபது பேர் என் குறிப்பையே
எனக்குத் திருப்பித் தந்திருந்தார்கள்,
நான் விட்ட எழுத்துப்பிழையோடு.
நான் இருமிய இடத்தில்
ஒரு வரி விடுபட்டும் இருந்தது.

சுட்டெண் நானூற்றுப் பதினேழு மட்டும்
வகுப்பில் காட்டிய பழைய மதகுப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு
கேள்வியோடு சண்டைக்கு வந்தது:

"ஆவணம் மௌனமாக இல்லை.
மதகு பூட்டின அன்று வட்டை முழுக்கக் கூச்சல் கேட்டிருக்கும்.
மண்வெட்டி தூக்கியிருப்பார்கள்.
எழுதின கிளாக்கருக்குப் பசி.
'முறைப்பாடு எதுவுமில்லை' என்று போட்டுவிட்டுச்
சோறு தின்னப் போயிருப்பார்."

அவ்வளவுதான். முடிவுரை இல்லை.
மிச்சம் ஒன்றரைப் பக்கம் வெறுந்தாள்.
புள்ளித்திட்டத்தில் இதற்கு இடமே இல்லை.
நான் அறுபத்திரண்டு போட்டேன்,
இரண்டாம் திருத்துநர் நாற்பத்தெட்டு.
கூட்டிப் பிரித்து
ஐம்பத்தைந்தில் சமாதானமானோம்.

அந்தப் பதிவேட்டோடு நான் ஆறு வருஷம்.
நூற்று நாற்பது பக்கம்,
ஒவ்வொரு பக்க அடியிலும் அதே இரண்டு சொல்.
அதை நம்பி
'நீர்ப்பகிர்வில் நிலவிய இணக்கம்' என்று
பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் நின்றபடி,
நிந்தவூர் தாண்டும்போது,
'இணக்கம்' என்ற சொல்லை வெட்டினேன்.
கட்டுரை முழுவதும் இடிந்தது.
எழும்ப எட்டு மாதம் எடுத்தது.

மதிப்பீட்டாளர் எழுதினார்:
ஒன்பதாம் பக்கத்தில் கிளாக்கரின் பசி, புதிய அவதானம்.
மற்றப் பக்கங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பதவியுயர்வுப் படிவத்தில் அந்தக் கட்டுரைக்கு
நான்கு புள்ளி.

அடிக்குறிப்பில் என்னத்தைப் போட?
பரீட்சை இரகசியம்; சுட்டெண்ணுக்குப் பெயர் தேடக்கூடாது.
பெயரில்லாத ஒருவரை மேற்கோள் காட்டும் விதி
நான் படிப்பிக்கும் கைநூலில் இல்லை.
'ஒரு மாணவருக்கு நன்றி' என்று எழுதினேன்.
இடம் போதாதென்று
பதிப்பாசிரியர் அதையும் எடுத்துவிட்டார்.
நான் மறுத்து ஒரு வரி அனுப்பவில்லை.

நானூற்றுப் பதினேழின் 'ழ'வுக்கு வால் நீளம்.
அதை வைத்துத்தான் தேடுகிறேன்.
அக்கரைப்பற்றுப் பாமசியில் நிற்கும் ஸுமைஹா
மாத்திரை உறையில் எழுதித் தந்தாள், வால் கட்டை.
ஒரு மேசைக்கு மூன்று பேராய் இருக்கும்
அபிவிருத்தி உத்தியோகத்தர் துஜீவன்
எல்லாவற்றையும் கணினியில் தட்டுகிறான்.
கட்டாருக்குப் போக சிபாரிசுக் கடிதம் கேட்ட றினோஸ்
எழுதவேயில்லை.
வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான்,
பின்னால் கோழி கூவியது.

விடைத்தாள்களைக்
காலம் முடிந்ததென்று போன மாதம் எரித்தார்கள்.
சாம்பல் என் யன்னல் வரைக்கும் வந்தது.

இன்று வருடாந்த சுயமதிப்பீட்டுப் படிவம்.
பதினான்காவது கூடு:
கற்பித்தல் தொடர்பான முறைப்பாடுகள் இருப்பின் குறிப்பிடுக.

நூற்றிருபது பேர் மண்டபத்தில்
இருமும் ஒலிவாங்கி.
வெட்டு மெசினோடு வயலுக்குப் போய்
வரவு குறைந்து
பரீட்சைக்கு விடப்படாமல் வாசலில் நின்ற பிள்ளை.
நானே விட்டுக்கொடுத்த அந்த நன்றி.

கூடு ஒரு விரல் அகலம்.
நேரம் ஒன்றேகால்.
கன்டீனில் சோறு முடியப்போகிறது.
பேனையைத் திறந்தேன்.