பதினேழாம் வினா

கச்சேரிக்கு எதிர்ப்பக்கம் போட்டோக்கொப்பிக் கடை.
ஒரு பக்கம் பத்து ரூபாய்.
மெஷின் சூடேறும்வரை
பழைய வினாத்தாளில் ஒரு பந்தி வாசிப்பேன்.
சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை, இரண்டாம் தரம்.
போன முறை ஆறு புள்ளியால் போனது.

இன்றைக்குத் தேனீ.
வேவுத் தேனீ கூட்டுக்குத் திரும்பி ஆடும் ஆட்டத்தில்
பூவின் திசையும் தூரமும் அடங்கியிருக்கின்றன.
வேவுத் தேனீ ஏன் ஆடுகிறது?
மகிழ்ச்சியால் என்று போட்டேன்.
பிழை.
எடுபட்டுக் கொழும்புக்குப் போன ஷர்மினி
இரவில் குரல் பதிவு அனுப்புவாள்,
பின்னால் பஸ் இரைய:
"உனக்குக் கற்பனை கூடிப்போச்சு.
அங்கை எழுதியிருக்கிறதை மட்டும் பாரடி.
சரி, 'அருகுதல்'. ஒத்த கருத்துச் சொல்லு."
கிட்ட வருதல் என்றேன்.
குறைதல் என்றாள்.

பிழைத்த கொப்பிகளின் பின்பக்கம்தான் என் சொற்கொப்பி.
முன்பக்கத்தில் ஆருடையதோ உறுதி,
கோணலாக, பாதி கறுத்து:
வடக்கு எல்லை ஒழுங்கை,
கிழக்கு எல்லை நாகமுத்து பெயரிலுள்ள காணி.
பின்பக்கத்தில் நான்:
மேவுதல். இசைவு. ஐயந்திரிபற.
உறுதியின் எதிர்க்கருத்து, தளர்வு.
விடைத்தாளில் அதற்குச் சரி விழும்.
கடைக்கு வருகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை.
"உறுதி இடம்பெயரேக்கை விட்டுப்போச்சு,
தோம்பிலை பாக்கலாமோ?" என்பார்கள்.

பதினொரு மணிபோல ஒரு அக்கா வந்தா.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
காணிக் கிளைக் கடிதம், மூன்று கொப்பி.
காசு தந்த பிறகும் போகவில்லை.
"தங்கச்சி, இதிலை என்ன கிடக்கெண்டு
ஒருக்காப் பாப்பீங்களே?
நானும் வாசிச்சனான்.
வாசிச்சு முடிய ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு."

நாலே வரி.
மேற்படி விடயம் தொடர்பான தங்கள் கோரிக்கை
உரிய தரப்பினரின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளதுடன்
சாதகமான தருணத்தில் பரிசீலிக்கப்படும் என்பதை
இத்தால் அறியத்தருகிறேன்.

கை தன்பாட்டில் மணிக்கூட்டைத் திருப்பியது.
கீறிட்ட பகுதியின் பொருள் யாது?
ஒன்று, தருவோம்.
இரண்டு, தரமாட்டோம்.
மூன்று, எங்களுக்கும் தெரியாது.
நான்கு, இனி வராதீர்கள்.
உரிய தரப்பினர் ஆர்? பந்தியில் இல்லை.
சாதகம் ஆருக்கு? அதுவும் இல்லை.
செயப்பாட்டுவினை இரண்டு.
செய்கிறவர் ஒருவருமில்லை.

நல்லதாக ஒன்று சொல்லலாம்போல இருந்தது.
தேனீயை நினைத்துக்கொண்டு
எழுதியிருந்ததை மட்டும் சொன்னேன்.
"ஓமெண்டும் இல்லை அக்கா, இல்லையெண்டும் இல்லை.
திகதி போடேல்லை.
ஆர் பாக்கினம் எண்டும் போடேல்லை."

அவ சிரித்தா.
"அப்ப எனக்கு விளங்கினது சரிதான்.
நான்தான் எங்கையோ ஒரு வரியை விட்டிட்டனோ எண்டு பாத்தன்."
பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி
கவுண்டரில் கவிழ்த்து வைத்தா.
"ஒரு வெள்ளைத் தாள் தாங்கோ. பேனையும்."
நின்றபடியே எழுதினா,
திகதி கேட்டு, பெயர் கேட்டு,
ஒரு இடத்தில் நிமிர்ந்து,
"பரிசீலனைக்கு லானாவோ ளானாவோ?"
லானா என்றேன்.
இருபது வயதுக்குள் நான் அவ்வளவு நிச்சயமாக
ஒரு விடையும் சொன்னதில்லை.

அதையும் மூன்று கொப்பி எடுத்தா.
வெள்ளைத் தாளுக்குக் காசு வேண்டாமென்றேன், கேட்கவில்லை.

பதினேழாம் வினா அப்படியே கிடந்தது.
இப்பந்திக்குப் பொருத்தமான தலைப்பொன்று எழுதுக.
பேனையைத் தேடினேன்.
கொண்டுபோய்விட்டா.
"அடையாள அட்டை, ரெண்டு பக்கமும்" என்றார் அடுத்தவர்.
மெஷினில் தாள் சிக்கியது.