மருந்தோ மாவோ

ஞாயிறு காலை எட்டு மணிக்கு
டர்னிப்புக்கு ஒரு மாத்திரை.
நாற்பத்திரண்டு கிலோ, ஒன்பதரை வயது.
பின்னங்கால்கள் இரண்டும்
வெவ்வேறு ஊருக்குக் கிளம்பும் நாய்.

மாத்திரையில் மருந்து இருக்கலாம்,
வெறும் மாவாகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
கொடுத்த டாக்டர் லின்ட்குவிஸ்ட்டுக்கும் தெரியாது.
கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தால்தான் ஆராய்ச்சி என்றாள்.
பல நூறு நாய்கள், மூன்று வருடம்,
கடைசியில்தான் கட்டவிழ்ப்பார்களாம்.
மூன்று வருடம் டர்னிப்பின் கணக்கில் எவ்வளவு என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே மருந்து
என் குளியலறை அலமாரியில் இருக்கிறது.
வெள்ளை முக்கோணம், தினம் இரண்டு, பதினோரு வருடமாக.
தம்பி ஆர்விட் கொடுத்த சிறுநீரகத்தை
இது யார் வீட்டுச் சரக்கு என்று
என் உடம்பு கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது
அதன் வேலை.

ஆர்விட் போய் ஆறு வருடம்.
மார்ச் மாத ஏரி, மெலிந்துபோன பனித்தளம்,
மீன் பிடிக்கப் போன வண்டி.
அவனில் மிச்சம் என் இடுப்போரம் இருக்கிறது.
இரவில் மூன்று தடவை எழுப்பிவிடும்.
அவனும் அப்படித்தான்,
நேரங்காலம் பார்த்து வந்தவனில்லை.

பசிபிக்கின் நடுவில் ஈஸ்டர் தீவு.
கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் கல் ஆட்கள்.
அறுபதுகளில் கப்பலில் போனவர்கள்
அங்கே கொஞ்சம் மண் அள்ளி வந்தார்கள்.
அந்த மண்ணிலிருந்த ஒரு கிருமி
பக்கத்துப் பூஞ்சையை எட்ட நில் என்று சொல்லக்
கக்கி வைத்தது இது.
ஆயுசைப் பற்றி அதற்கு
அபிப்பிராயம் எதுவும் இருந்திருக்காது.

அடுத்த வீட்டு மெர்லின் ஹௌகனுக்கு இருக்கிறது.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
நூற்றிருபது வரை திட்டம்,
காலையில் மட்டும் முப்பத்தொரு குளிகை.
சர்க்கரை கடன் கேட்பதுபோல
என்னிடம் ஓர் அட்டை கேட்டார்.
உதட்டை மடித்து
வாய்ப்புண்ணைக் காட்டினேன்.
தொழில் ஞாபகத்தில்
விளக்கடியில் வரச்சொல்லிப் பார்த்தார்.
பிறகு கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
டர்னிப் மாடிப்படியில் சறுக்கி விழுந்தது.
எழுந்துகொள்ளவில்லை, என்னையே பார்த்தது.
நான் அலமாரியைத் திறந்தேன்.
முக்கோணம் ஒன்றைச் சீஸில் பொதிந்து நீட்டினேன்.

அது சீஸை மட்டும் தின்றது.
மாத்திரையை நாக்கால் உருட்டி
தரையில் வைத்துவிட்டது,
ஓரம்கூடக் கரையாமல்.
ஞாயிறு தவறாமல் விழுங்குகிற நாய்.

எடுத்துக் கழுவி நானே விழுங்கினேன்.
அன்றைய கணக்கில் எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

திங்கட்கிழமை படிவத்தில் வழக்கமான கேள்வி:
வேறு மருந்து ஏதும் உட்கொண்டதா?
இல்லை என்று எழுதினேன்.
நீட்டினீர்களா என்று கேள்வி இல்லை.

இன்று பனி உடைந்து
துலூத் துறைமுகத்துக்கு முதல் கப்பல் வருகிறது.
இரும்புத்தாது ஏற்ற வரும் நீளக் கப்பல்.
பாலத்தடியில் அது ஊதுமுன்னே,
எனக்கு ஒன்றும் கேட்காதபோதே,
செவிடாகிவிட்டது என்று நான் நினைத்திருந்த டர்னிப்
தலையைத் தூக்கியது.

மருந்தோ, மாவோ, மார்ச் மாதமோ.

வாசலுக்குப் போக வேண்டுமாம்.
பின்னங்கால்களை ஒவ்வொன்றாகத் திரட்டுகிறது.
கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.
அவசரம் ஒன்றுமில்லை,
அந்தக் கப்பல் நீளமானது.